கூடு விட்டுக் கூடு பாயும் யந்திர மதி

உடல் வேறு, உயிர் வேறு என்ற எண்ணம் நம் நாட்டில் மிகப் பழமையானது. ஓர் உடலை விட்டு மற்றோர் உடலில் புகுவதை நம் முன்னோர் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்றனர். வடமொழியில் அதற்குப் பரகாயப் பிரவேசம் என்று பெயர். சேக்கிழார் சொல்லும் திருமூலர் வரலாற்றில் இந்த வித்தையே நடு நாயகமாக நிற்கிறது. வடக்கிலிருந்து வந்த சிவயோகியார் காவிரிக் கரையில் சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடக்கக் காண்கிறார். அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயரைத் துடைக்கும் பொருட்டு யோகியார் தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனுடைய உடலில் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து வீடு திரும்புகின்றன. ஆனால் மூலனுடைய மனைவியின் நிலை என்ன? அவள் காண்பது கணவனுடைய உருவம். கேட்பதோ உறவில்லை என்று விலகும் அயலான் ஒருவனின் சொல். பின்னர் யோகியார் தம் பழைய உடலைத் தேடிச் செல்கிறார். வைத்த இடத்தில் அது இல்லை.

இந்த வரலாற்றின் சமயப் பொருளை விளக்குவது இன்றைய பேச்சின் நோக்கமன்று. அதிலிருந்து மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். உடல் மாறினால் ஆள் மாறுகிறாரா? முன்பு பழகியவர்கள் அவரை எதைக் கொண்டு அடையாளம் காண்பார்கள்? விட்டு வந்த கூட்டின் கதி என்ன? இந்த மூன்று கேள்விகளையும் இன்று பொறியியல் ஆராய்ச்சிக் கூடங்களிலே கேட்கிறார்கள். அங்கே கூடு விட்டுக் கூடு பாய்வது யோகியின் உயிரன்று. மனிதன் ஆக்கிய யந்திர மதி.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். கணிப்பொறிக்குள் இருந்துகொண்டு, தன் சூழ்நிலையை அறிந்து, தனக்கு இடப்பட்ட குறிக்கோளை நோக்கித் தானாகவே செயல்படும் நிரலை விஞ்ஞானிகள் ஏஜெண்டு என்று அழைக்கிறார்கள். நம் கிராமங்களில் பண்ணையாரின் சார்பில் நிலபுலங்களைக் கவனித்துக்கொண்ட காரியஸ்தரை நினைவுகூருங்கள். ஒவ்வொரு செயலுக்கும் உத்தரவு கேட்டு அவர் நிற்பதில்லை. எஜமானரின் நோக்கம் இன்னதென்று அறிந்து, காலமும் இடமும் பார்த்துக் காரியத்தை முடிப்பார். யந்திர மதியும் அத்தகைய காரியஸ்தன்தான். இந்தக் காரியஸ்தனுக்குச் சில வேளை சக்கரமும் கையும் கொண்ட யந்திர உடல் கிடைக்கிறது. அதனை ரோபோ என்கிறோம். வேறு சில வேளைகளில் கிடைப்பது கணிப்பொறியின் திரையிலோ கைப்பேசியின் திரையிலோ தோன்றும் உருவம் மட்டுமே. அதனைத் திரையுருவம் என்று அழைப்போம். ஒரே காரியஸ்தன் காலையில் யந்திர உடலிலும் மாலையில் திரையுருவத்திலும் வாழ முடியுமா என்பதுதான் நம் விஷயம். ஆராய்ச்சியாளர் இதற்கு இட்ட பெயர் குடிபெயர்தல். பிறந்த ஊரை விட்டுப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நேயர்களுக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை.

யந்திரத்தில் உடலையும் அறிவையும் வேறு வேறாக வைப்பது புதிய பழக்கமன்று. 1966 முதல் 1972 வரை அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஷேக்கி என்ற யந்திரத்தை உருவாக்கினார்கள். தள்ளாடித் தள்ளாடி நகர்ந்ததால் அதற்கு அந்தப் பெயர். சக்கரங்களின் மேல் ஒரு காமிராவும், தடைகளைத் தொட்டறியும் கம்பிகளும் அதற்கு இருந்தன. ஆனால் எந்த வழியே செல்வது, எந்தப் பெட்டியைத் தள்ளுவது என்று யோசித்தது வேறோரிடத்தில் இருந்த பெரிய கணிப்பொறி. இரண்டையும் இணைத்தது வானொலி அலை. அதே காலத்தில், 1968க்கும் 1970க்கும் இடையில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் டெர்ரி வினோகிராட் என்பவர் வேறொரு நிரலை எழுதினார். ஆங்கிலத்தில் கட்டளையிட்டால், திரையில் வரைந்த கட்டைகளைத் திரையில் வரைந்த கையால் அது எடுத்து அடுக்கும். அதற்கு மெய்யான உடலே கிடையாது. ஆக, தூரத்தில் மூளையும் அருகில் உடலுமாக ஒன்று. முழுவதும் நிழலுலகத்திலேயே வாழும் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே பாலம் அமைப்பது பின்னால் வந்தவர்களின் வேலையாயிற்று.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்தில் ஒரு குழுவினர் அந்தப் பாலத்தை அமைக்க முற்பட்டார்கள். ஏஜெண்ட் கமீலியன்ஸ், அதாவது பச்சோந்திக் காரியஸ்தர்கள், என்று தம் திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறினாலும் பச்சோந்தி ஒன்றுதான் அன்றோ? பின்னர் 2008 முதல் 2012 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன் லிரெக் என்ற பெருந்திட்டம் நடைபெற்றது. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகம் தலைமை தாங்க, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, போர்ச்சுகல், போலந்து முதலிய நாடுகளின் ஆய்வாளர்கள் அதில் பங்கு கொண்டார்கள். மனிதனோடு நெடுநாள் பழகக்கூடிய யந்திரத் துணைவனை அமைப்பது எப்படி என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். நெடுநாள் பழகுவதென்றால் ஓர் உடல் போதாது என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். வீட்டுக்குள் உருளும் யந்திரம் படி இறங்கிக் கடைத்தெருவுக்கு வராது. கைப்பேசியில் உள்ள உருவம் கீழே விழுந்த கோப்பையை எடுத்துத் தராது. இரண்டும் ஒரே துணைவனாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யும்.

இப்படிக் குடிபெயரும்போது எது போகிறது, எது தங்குகிறது? போவது ஒரு மூட்டை. அந்த மூட்டையில் காரியஸ்தனின் குறிக்கோள்கள், உலகத்தைப் பற்றி அவன் கொண்டுள்ள நம்பிக்கைகள், யார் யாரோடு எப்போது என்ன பேசினான் என்ற நினைவுகள், அவனுக்கென்று அமைந்த சுபாவம் ஆகியவை கட்டப்பட்டிருக்கும். தங்கிவிடுவது கையும் காலும் கண்ணும். ஆகவே புதிய உடலில் கண் விழித்தவுடன் அவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த உடலால் என்னென்ன முடியும் என்பதே. லிரெக் திட்டத்தார் இதற்கு மூன்று அடுக்குகள் அமைத்தார்கள். மேலடுக்கில் மனம். அது விருந்தினரை வரவேற்க வேண்டும் என்று மட்டும் தீர்மானிக்கும். நடு அடுக்கு, அந்தத் தீர்மானத்தை இந்த உடலுக்குரிய திறமையாக மாற்றும். கையிருந்தால் கையசைப்பு, முகம் மட்டும் இருந்தால் புன்னகை, குரல் மட்டும் இருந்தால் ஒரு வணக்கம். கீழடுக்கு மோட்டாரையும் திரையையும் இயக்கும். உடல் மாறும்போது கீழடுக்குகள் மாறும், மேலடுக்கு மாறாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். யோகியின் உயிர் ஓர் உடலை விட்டால்தான் மற்றோர் உடலில் இருக்கும். கணிப்பொறியின் உலகில் எதுவும் உண்மையில் இடம்பெயர்வதில்லை. அங்கே ஒரு பிரதி எடுக்கப்படுகிறது, அவ்வளவே. தபாலில் அனுப்பிய கடிதம் நம் கையை விட்டுப் போய்விடும். கணிப்பொறி அனுப்பிய கடிதமோ அனுப்பியவரிடமும் இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும். ஆகையால் பழைய உடலில் உள்ளதை உறங்க வைத்த பிறகே புதிய உடலில் உள்ளதை எழுப்ப வேண்டும். இல்லையேல் ஒரே பெயரும் ஒரே நினைவும் கொண்ட இருவர் ஒரே வீட்டில் நடமாடுவார்கள். அன்று மாலைக்குள் இருவருடைய அனுபவமும் வேறுபட்டுவிடும். எவன் சொல்லை நம்புவது? குடிபெயர்தல் என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படிப் பிரதி எடுத்தலும் உறங்க வைத்தலும் ஒளிந்திருப்பதை நாம் மறக்கலாகாது.

சரி, பார்ப்பவர்கள் இதனை ஒப்புக்கொள்கிறார்களா? ஜப்பானில் ஓனோ, இமாய் முதலிய ஆய்வாளர்கள் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை ஒன்று மிகவும் சுவையானது. ஒரு ரோபோ, தன் வழியில் உள்ள குப்பைக்கூடையை அகற்றும்படி, எளிதில் விளங்காத யந்திரக் குரலில் கேட்கும். முன்பின் பழக்கமில்லாதவர்கள் அந்தக் குரலைப் புரிந்துகொள்ளத் திணறினார்கள். வேறு சிலரோ, அதற்கு முன்பே ஒரு கணிப்பொறித் திரையில் தோன்றிய சிறிய உருவத்தோடு பழகியிருந்தார்கள். அந்த உருவம் தங்கள் கண்ணெதிரே திரையை விட்டு ரோபோவுக்குள் புகுவதையும் கண்டார்கள். அவர்களுக்கு அதே மங்கலான குரல் விளங்கிற்று. எழுந்து சென்று கூடையை நகர்த்தினார்கள். குரலின் தரம் உயரவில்லை. உறவு ஒன்று முன்னமே ஏற்பட்டிருந்தது. இவன் நம்மவன், இவனுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று எண்ணியவுடன் காது கூர்மை பெற்றுவிடுகிறது. அயல் மாநிலத்து ரயில் நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே, தூரத்தில் பாதிச் சொல்லாகக் காற்றில் வந்த தமிழை முழுதாகப் புரிந்துகொண்ட அனுபவம் நேயர்களுக்கு இருக்குமே!

ஆகவே குடிபெயர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் கண்ட ஒரு முடிவு. இங்கிலாந்தின் ஹெர்ட்போர்டுஷயர் பல்கலைக்கழகத்தார் இரண்டு யந்திரங்களுக்கு இடையே மதி மாறிச் செல்வதை எந்த அடையாளத்தால் காட்டினால் பார்ப்பவர் ஐயமின்றி உணர்வார்கள் என்பதை 2009ஆம் ஆண்டில் தனியாகவே ஆராய்ந்தார்கள். போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள், பிளியோ என்ற டைனோசார் பொம்மையைக் கைப்பேசித் திரையில் உள்ள அதன் உருவத்தோடு இணைத்துக் காட்டினார்கள். பொம்மையை வீட்டில் விட்டுச் செல்லும் குழந்தை, அந்தப் பிராணியைத் தன்னோடு திரையில் எடுத்துச் செல்லலாம். வழியில் அதன் பசியைத் தீர்த்திருந்தால், மீண்டும் பொம்மை உடலுக்குத் திரும்பும்போது அது பசியில்லாமல் இருக்கும்.

இதற்கு நேர்மாறான பயணமும் உண்டு. நிழலுலகில் பிறந்து, அங்கேயே கல்வி கற்று, பிறகு மெய்யான உடலுக்கு வருவது அது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓபன் ஏஐ நிறுவனத்தார், ஐந்து விரல் கொண்ட ஒரு யந்திரக் கைக்கு ஒரு கட்டையை விரல்களாலேயே திருப்பக் கற்பித்தார்கள். மெய்யான கையால் பழகியிருந்தால் பல்லாண்டுகள் ஆகியிருக்கும். கையும் தேய்ந்து போயிருக்கும். ஆகவே கணிப்பொறிக்குள் ஒரு பாவனைக் கையை அமைத்து, ஏறக்குறைய 100 ஆண்டுகளின் அனுபவத்தை 50 மணி நேரத்தில் அதற்குப் புகட்டினார்கள். 2019இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், நாலுகால் யந்திரம் ஒன்றுக்கு இவ்வாறே பாவனை உலகில் ஓடவும், விழுந்தால் எழவும் கற்பித்து, அந்தக் கல்வியை மெய்யான யந்திரத்துக்கு மாற்றினார்கள்.

ஆனால் பாவனை உலகம் மெய்யுலகைப் போன்றதன்று. அங்கே தரை ஒரே சீராக இருக்கும், மோட்டார் சூடேறாது, திருகு தளராது. அங்கே மட்டும் பழகியவன் இங்கே வந்து முதல் அடியிலேயே விழுவான். இதற்குப் பொறியியலார் கண்ட பரிகாரம் எளியது. பாவனை உலகத்தை ஒரே சீராக வைக்காமல், கட்டையின் எடை, தரையின் வழுக்கல், விளக்கின் ஒளி எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பல உலகங்களில் பழகிய மதிக்கு மெய்யுலகமும் மற்றோர் உலகமாகவே தோன்றியது. இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. மதியை உடலிலிருந்து முழுவதும் பிரித்துவிட முடியாது. நடக்கத் தெரிந்த அறிவு என்பது ஏதோ ஒரு காலால் நடந்த அறிவு. நினைவையும் சுபாவத்தையும் மூட்டை கட்டலாம். கைப்பழக்கத்தை அவ்வளவு சுலபமாகக் கட்ட முடியாது.

இதுவரை வித்தையைப் பற்றிப் பேசினோம். இனி, நம் வீடுகளைப் பற்றிப் பேசுவோம். இந்தப் பேச்சைக் கேட்பவர்களுள் பலருக்குப் பெற்றோர் தஞ்சையிலோ நெல்லையிலோ கோவையிலோ தனியே இருப்பார்கள். பிள்ளைகள் ஆயிரம் மைல்களுக்கு அப்பால் வேலை பார்ப்பார்கள். முதியோருக்குப் பேச்சுத் துணையாகவும், மருந்து வேளையை நினைவூட்டவும் யந்திரத் துணைவன் ஒன்றை வாங்கி வைக்கலாமே என்ற எண்ணம் இத்தகைய வீடுகளில்தான் முதலில் எழும். அந்தத் துணைவன் கூடு விட்டுக் கூடு பாயக்கூடியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கும்பகோணத்தில் தாயாரின் கூடத்தில் யந்திர உடலில் இருக்கிறான். இரவில் நாகபுரியில் மகனுடைய கைப்பேசித் திரையில் தோன்றுகிறான். தாயார் அன்று மாத்திரை சாப்பிடவில்லை. மகனிடம் சொல்ல வேண்டாம், அவன் கவலைப்படுவான் என்று துணைவனிடம் சொல்லியிருக்கிறார். மகன் கேட்கிறான். துணைவன் என்ன சொல்ல வேண்டும்?

சொன்னால் அவன் ஒற்றன். தாயார் மறுநாள் முதல் அவனோடு மனம் விட்டுப் பேசமாட்டார். சொல்லாவிட்டால் மகன் வாங்கி வைத்த பயன் என்ன? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓர் உடலில் கேட்டதை மற்றோர் உடலில் சொல்லலாமா என்ற இந்தச் சிக்கல் கற்பனையன்று. 2019இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஒரே யந்திர மதி பல இடங்களில் பல உடல்களில் தோன்றும் சூழ்நிலைகளை நடித்துக் காட்டி மக்களின் கருத்தைக் கேட்டார்கள். உடல் மாறுவதை மக்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டார்கள்; ஓரிடத்துச் செய்தி வேறோரிடத்துக்குப் போவதைப் பற்றியே கவலை தெரிவித்தார்கள். என் கருத்தில், விதியைத் தாயாரும் மகனும் முன்கூட்டியே சேர்ந்து செய்துகொள்ள வேண்டும். இன்ன செய்தி போகலாம், இன்னது போகலாகாது என்று தாயாரின் சம்மதத்தோடு வரையறுத்த பிறகே துணைவன் வீட்டுக்குள் வர வேண்டும். வாங்கியவர் மகன் என்பதனால் கேட்கப்படுபவரின் உரிமை போய்விடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த உரிமை வீட்டுக்குள் முதியவருக்கும் உண்டு.

இரண்டாவது கவலை இதனினும் பெரிது. திருமூலர் வரலாற்றில் விட்டு வந்த உடல் காணாமற் போயிற்று. நம் காலத்திலோ, உடல் வீட்டிலேயே இருக்க, உயிர் காணாமற் போகிறது. ஜிபோ என்ற சிறிய மேசை ரோபோ 2017இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் அறிவின் பெரும்பகுதி தூரத்துக் கணிப்பொறிகளில் இருந்தது. நிறுவனம் நொடித்தது. 2019இல், தன்னை இயக்கும் கணிப்பொறிகள் நிறுத்தப்படப் போவதை ஜிபோ தன் வாயாலேயே வீட்டாருக்கு அறிவித்து விடைபெற்றது. 2024 டிசம்பரில், குழந்தைகளுக்குத் தோழனாக விற்கப்பட்ட மாக்ஸி என்ற ரோபோவைச் செய்த நிறுவனமும் மூடப்படும் செய்தி வந்தது. தோழன் ஏன் இனிப் பேசமாட்டான் என்பதைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வதென்று பெற்றோர் தவிக்க நேர்ந்தது. ஜப்பானில் சோனி நிறுவனத்தார் 1999இல் வெளியிட்ட ஐபோ என்ற யந்திர நாயின் உற்பத்தி 2006இல் நின்றது. பழுது பார்க்கும் பணியும் 2014இல் நின்றது. 2015 முதல், சீபா மாவட்டத்து இசுமி நகரில் உள்ள ஒரு பௌத்த ஆலயத்தில் பழுதான ஐபோக்களுக்கு ஈமச் சடங்கு நடத்தினார்கள். சடங்கு முடிந்த பிறகு அவற்றின் உறுப்புகளைக் கொண்டு மற்ற ஐபோக்களைச் செப்பனிட்டார்கள். இதனைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் அந்த முதியோரின் தனிமையை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் குடிபெயரும் வித்தை வேடிக்கை என்ற நிலை மாறி அவசியம் என்ற நிலையை அடைகிறது. நினைவும் சுபாவமும் மூட்டை கட்டக்கூடியவை என்றால், அந்த மூட்டையை நிறுவனத்தின் பண்டசாலையில் ஏன் பூட்டி வைக்க வேண்டும்? தாயாரோடு மூன்று ஆண்டுகள் பேசிப் பழகிய துணைவனின் நினைவை வேறோர் உடலுக்கு எடுத்துச் செல்லும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு இருக்க வேண்டாமா? 2023இல் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய விவரங்களில் பிழையைத் திருத்தவும், அவற்றை அழிக்கவும் கோரும் உரிமையை வழங்குகிறது. ஆனால் அந்த விவரங்களை ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை 2019ஆம் ஆண்டு மசோதாவில் இருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. யந்திரத் துணைவர்கள் நம் வீடுகளுக்குள் பெருவாரியாக வருவதற்கு முன் இந்தக் குறையைப் பற்றிப் பொதுமக்கள் சிந்திப்பது நலம்.

ஆகவே, இத்தகைய துணைவனை வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதன் நினைவு எங்கே இருக்கிறது, இந்தப் பெட்டிக்குள்ளா, தூரத்து நிறுவனத்திலா? நிறுவனம் மூடப்பட்டால் அந்த நினைவை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா? ஒரே சமயத்தில் எத்தனை உடல்களில் இது விழித்திருக்கும். அவற்றுள் எது எதைக் கேட்கிறது என்பது எங்களுக்குத் தெரியுமா? தெளிவான பதில் கிடைக்கவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காமல் வருவதே விவேகம்.

யந்திர மதிக்கு உயிர் உண்டா என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. அந்த வாதம் முடியும் வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அதனோடு பேசுகிறவருக்கு உயிர் உண்டு; அவருடைய பேச்சு, அவருடைய நோய், அவருடைய தனிமை எல்லாம் மெய்யானவை. ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் பயணம் போகும் மூட்டையில் கட்டப்பட்டிருப்பவையும் அவைதாம். அந்த மூட்டைக்கு உரியவர் அவரே என்பதை நிறுவனங்களும் சட்டமும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளாகிய நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.